ஊகிக்கும் வாசகன்: ஹரீரியின் ஐம்பதாவது மகாமாவை முன்வைத்து

மகாமாத்துல் ஹரீரியைப் பாடம் நடத்தும் எந்த உஸ்தாதுக்கும் இந்த அனுபவம் வாய்த்தே தீரும். முதல் மகாமாவும் இரண்டாவதும் முடிந்து மூன்றாவது தொடங்குகிறது. நண்பர்கள் கூடியிருக்கும் ஒரு சபையில், கந்தலாடை உடுத்திய ஒருவர் நொண்டியபடி வந்து நிற்கிறார். தம் வறுமையைச் சொல்கிறார். ஒரு தீனாரைக் காட்டியதும் அதை வாயாரப் புகழ்கிறார். இன்னொரு தீனாரைக் காட்டிக் கேட்டதும் அதே நாவால் இகழ்கிறார். சொல்லழகில் சபை மயங்கிக் கிடக்கிறது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுகிறது: "உஸ்தாத், இந்த நொண்டியும் அபூஸைதுதானே?"

வகுப்பு சிரிக்கிறது. கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஹாரிஸ் இப்னு ஹம்மாமுக்கு இன்னும் தெரியவில்லை. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து படிக்கும் பதினேழு வயது மாணவனுக்குத் தெரிந்துவிட்டது. ஏறத்தாழ ஆண்டுதோறும் இது நிகழ்கிறது. கேட்கும் மாணவன்தான் மாறுகிறான். தொடக்க காலத்தில் அந்தக் கேள்வி எனக்கு மகிழ்ச்சியளித்தது. பிள்ளைகள் விழிப்போடு கிதாப் ஓதுகிறார்கள் என்று எண்ணிக்கொள்வேன். இப்போதெல்லாம் அது என்னைச் சற்றே கலவரப்படுத்துகிறது. அதன் காரணத்தை எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரபி அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். பஸராவைச் சேர்ந்த இமாம் காஸிம் இப்னு அலீ அல்ஹரீரி (ஹி. 446–516, கி.பி. 1054–1122) எழுதிய மகாமாக்கள் ஐம்பது. எதுகை நயம் மிக்க உரைநடையும் கவிதையும் விரவிய சிறு கதைகள் அவை. ஒவ்வொன்றிலும் ஹாரிஸ் என்னும் பயணி ஏதோ ஓர் ஊருக்குப் போகிறார். அங்கே நாவன்மை படைத்த ஒருவரைக் காண்கிறார். அவர் உபதேசியாக வரலாம். குருடராக, முடவராக, வழக்காளியாகவும் வரலாம். பேச்சால் மக்களை உருக்கிப் பொருள் திரட்டுகிறார். இறுதியில் முகத்திரை விலகுகிறது: ஸரூஜ் நகரத்து அபூஸைத்! முதல் மகாமாவில் ஸன்ஆ நகரில் கேட்போர் கண்ணீர் மல்க உபதேசம் செய்த மெலிந்த மனிதரைப் பின்தொடர்ந்து போகும் ஹாரிஸ், ஒரு குகைக்குள் அவர் வெள்ளை ரொட்டியும் பொரித்த ஆட்டுக்குட்டியும் மதுச்சாடியும் முன்னிருக்க அமர்ந்திருப்பதைக் காண்கிறார். அதற்குப் பின்வரும் மகாமாக்களில் பெரும்பாலானவை, ஊரும் வேடமும் மாறினாலும், இந்த அமைப்பையே கொண்டவை. தர்ஸே நிஸாமியா பாடத்திட்டத்தில் இந்நூல் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. நான் ஓதியபோது முதல் பத்து மகாமாக்களோடு நிறுத்தினார்கள். நானும் என் மாணவர்களுக்குப் பத்தோடு நிறுத்திவந்தேன். இந்த எண் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

கதையின் திருப்பத்தை ஆசிரியர் அவிழ்க்கும் முன்பே வாசகன் ஊகித்துவிடுவது அறிவின் வெற்றியா, அல்லது வாசிப்பின் தோல்வியா? பிக்ஹு நூல்களில் பயிலும் ஒரு சொல் இங்கே உதவும்: கரீனா. ஒரு விஷயத்தைச் சுட்டும் அகச்சான்று அல்லது சூழல் சான்று. பிரதிக்குள் இருக்கும் கரீனாக்களைக் கூர்ந்து பார்த்து ஊகிப்பது ஒரு வகை. வழக்கத்தைக்கொண்டு ஊகிப்பது இன்னொரு வகை. அதாவது, இந்த ஆசிரியர் எப்போதும் இப்படித்தான் செய்வார், இத்தகைய கதைகள் இப்படித்தான் முடியும் என்ற பழக்கத்திலிருந்து முடிவு கட்டுவது. என் மாணவன் அந்த நொண்டியின் பேச்சிலோ நடையிலோ எந்தக் கரீனாவையும் கண்டு சொல்லவில்லை. அவன் கண்டது வழக்கத்தை மட்டுமே. வெளிப்பார்வைக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஏனெனில் இரண்டும் பெரும்பாலும் சரியான விடையையே தருகின்றன.

கரீனாவைக்கொண்டு ஊகிக்கும் இன்பத்தை நான் முதலில் அறிந்தது அரபியில் அன்று, தமிழில். பள்ளிப் பருவத்தில் கிளை நூலகத்திலிருந்து எடுத்துவந்த கல்கியின் 'பார்த்திபன் கனவு' அந்த இன்பத்தைத் தந்தது. 'கல்கி' இதழில் 1941 முதல் 1943 வரை தொடராக வந்த நாவல் அது. நெல் மண்டியில் கணக்கெழுதிய என் பாட்டனார் அதை இதழ்தோறும் படித்தவர். அடுத்த இதழ் வரும்வரை மண்டித் திண்ணையில் விவாதம் ஓயாதாம்: யார் அந்தச் சிவனடியார்? வெண்ணாற்றங்கரைப் போர்க்களத்தில் உயிர் பிரியும் தறுவாயில் கிடக்கும் சோழன் பார்த்திபனிடம் ஒரு சிவனடியார் வருகிறார். அவன் மகன் விக்கிரமனை வீரனாக வளர்ப்பதாக வாக்களிக்கிறார். தாங்கள் யார் என்று மன்னன் கேட்கும்போது ஜடாமுடியையும் தாடியையும் விலக்கிக் காட்டுகிறார். மன்னன் வியப்படைகிறான். என்ன கண்டான் என்பதைக் கல்கி நமக்குச் சொல்வதில்லை. மரணத்தை நெருங்கியவனுக்குக் காட்டிய முகத்தை வாசகனுக்கு மறைத்துவிடுகிறார். 'இங்கே ஒரு ரகசியம் இருக்கிறது, கண்டுபிடி' என்ற பகிரங்க அழைப்பு அது.

கண்டுபிடிக்க வழியும் வைத்திருக்கிறார். சிவனடியார் தோன்றும் இடத்தில் காஞ்சியின் சக்கரவர்த்தி இருப்பதில்லை. இருவரும் ஒருசேர எங்கும் காணப்படுவதில்லை. மண்டித் திண்ணையில் இருந்தவர்களில் சிலர் நரசிம்ம பல்லவரின் பெயரைச் சில வாரங்களிலேயே சொல்லிவிட்டார்களாம். காஞ்சிக்கு இவ்வளவு அருகில் வாழ்கிறவர்களுக்குப் பல்லவன் மீது இயல்பாகவே ஒரு கண் இருக்கும் அல்லவா? நானும் பாதி நூலில் ஊகித்துவிட்டேன். ஊகித்த பின்னர் ஆர்வம் குன்றவில்லை, மாறாகப் பெருகியது. அருள்மொழி ராணி தன் துயரை அந்தச் சிவனடியாரிடம் சொல்லி ஆறுதல் தேடுகிறாள். அவள் கணவன் எந்தப் பல்லவனோடு பொருது மடிந்தானோ அந்தப் பல்லவனே காவியணிந்து எதிரில் நிற்கிறான். திருப்பம் தெரியாத வாசகனுக்கு இது ஆறுதற்காட்சி. தெரிந்தவனுக்கோ பகையென்னும் எண்ணமே பொருளிழந்து போகும் இடம். மகன் விக்கிரமன் யாரை வெறுத்து வளர்கிறானோ அவரே அவனைக் காத்துவருகிறார். கல்கியின் உண்மையான கேள்வி 'யார் சிவனடியார்' என்பதன்று. 'பகைவனிடம் நன்மையை எதிர்பார்க்க இயலுமா' என்பதே. ஊகித்தவனுக்குத்தான் அக்கேள்வி முழுமையாகக் காதில் விழுகிறது.

இதே கல்கி, 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் ஊகிப்போரை வேறு வகையில் நடத்தினார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை அறுதியிட்டுச் சொல்லாமல் கடம்பூர் மாளிகையின் இருளிலேயே விட்டுவிட்டார். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அக்கொலையில் தொடர்புடைய துரோகிகளென ரவிதாசன் முதலானோரின் பெயர்களைத் தருகிறது. பெயர்கள் கல்லில் இருந்தும், அதன் பின்னே இருந்தவர் யார் என்ற ஊகம் இன்றுவரை ஓயவில்லை. பல கேள்விகளுக்கு விடையில்லை என்று வாசகர்கள் முறையிட்டதால், கல்கி ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது. ஊகிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு விடையைத் தராமற்போனால் வாசகன் அதை ஒரு கடன்பாக்கியாகவே கருதுகிறான்.

எங்களூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இருக்கின்றன. குடவோலை முறையை விரித்துரைக்கும் அக்கல்வெட்டுகள் பற்றிப் பள்ளிப் புத்தகங்களிலேயே படித்திருப்பீர்கள். தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தார்கள். பெரியவர் ஒருவர் எடுத்தால் அவருடைய விருப்பமும் வழக்கமும் கையோடு குடத்துக்குள் போய்விடும் என்று அஞ்சியிருக்கிறார்கள். வாசிப்பைப் பற்றிச் சிந்திக்கும்போது ஏனோ அந்தச் சிறுவனின் கை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

மேலை நாட்டில் துப்பறியும் கதைகள் பெருகியபோது, வழக்கம் சட்டமாகவே எழுதப்பட்டது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், வாசகனுக்கு நியாயம் செய்ய எழுத்தாளன் பின்பற்றவேண்டிய பத்து விதிகளை வகுத்தார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே அகதா கிறிஸ்டி தம் 'ரோஜர் அக்ராய்ட் கொலை' நாவலில், கதையைச் சொல்லிவந்தவனையே கொலையாளியாக்கிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பியிருந்தார். கதைசொல்லி நம்பத்தக்கவன் என்பது வாசகனின் வழக்கம். கிறிஸ்டி கரீனாக்களை மறைக்கவில்லை. வழக்கத்தையே அவற்றுக்குத் திரையாக்கினார்.

தமிழில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' திரைப்படம். (திரைப்படம் பற்றி ஆலிம் எழுதலாமா என்று கேட்கும் அன்பர்கள் இப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.) பாடல்களே இல்லாத அப்படத்தில், வானொலிப் பொறியாளர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், நடனக்காரி என்று ஒவ்வொருவர் மீதும் சந்தேகம் படர்கிறது. பார்வையாளன் கொலையாளியைத் தேடிக்கொண்டிருக்கையில், கொலையுண்டவன் யார் என்பதே உண்மையான கேள்வியென்று தெரியவருகிறது. ராஜன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன், சுட்டது மனைவி. ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். கதாநாயகன் துரோகியாக இருக்கமாட்டான் என்ற வழக்கத்தைத் திரையரங்கில் அமர்ந்திருந்த ஒவ்வொருவரும் தாமே கொண்டுவந்திருந்தார்கள். அவர்களை ஏமாற்றியது அதுதான்.

திருப்பம் முன்கூட்டியே தெரிந்தால் சுவை கெடுமா என்பதைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்னும் இருவர் 12 சிறுகதைகளைச் சுமார் 800 மாணவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். முடிவைச் சொல்லிவிட்டுக் கொடுத்த கதைகளையே வாசகர்கள் சற்றுக் கூடுதலாக ரசித்தார்கள் என்று 2011இல் அறிவித்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் சில இதற்கு மாறாகவும் கூறின. நாம் இந்த வழக்கில் தலையிடவேண்டிய அவசியமில்லை. திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயமான சூரா யூசுஃபை ஓதுவோர் அனைவரும் இதை நன்கறிவர். 111 வசனங்கள் கொண்ட அந்த அத்தியாயத்தின் நான்காம் வசனத்திலேயே சிறுவர் யூசுஃப் (அலை) தம் கனவைச் சொல்லிவிடுகிறார்; அது பலித்ததை நூறாம் வசனத்தில் காண்கிறோம். இடைப்பட்ட கிணறும் சந்தையும் சிறையும் வாசகனுக்கு முடிவை மறைப்பதில்லை. மறைந்திருப்பது வழி மட்டுமே. 1885இல் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' நாவலிலும் இதன் சாயலைக் காணலாம். பிறந்த சில நாட்களிலேயே காஹிராவிலிருந்து களவாடப்பட்டு இந்தியாவில் வளரும் அசனின் பிறப்பு, நமக்குத் தெரியும், அவனுக்குத்தான் தெரியாது.

சூரா யூசுஃபில் ஊகத்தைப் பற்றியே ஒரு பாடம் இருக்கிறது. அது ஒரு சட்டையில் எழுதப்பட்டிருக்கிறது. சகோதரர்கள் இரத்தம் தோய்ந்த சட்டையைக் கொண்டுவருகிறார்கள். ஓநாய் தின்றிருந்தால் சட்டை கிழிந்திருக்க வேண்டுமே என்று தந்தை யஃகூப் (அலை) கண்டுகொண்டதாக முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். பின்னர் அஸீஸின் வீட்டில், சட்டை முன்புறம் கிழிந்ததா பின்புறம் கிழிந்ததா என்று பார்க்கச் சொல்லி ஒரு சாட்சி வழக்கைத் தீர்க்கிறார். கரீனாவைக்கொண்டு தீர்ப்பளிக்கலாம் என்போர் இதை ஆதாரமாகக் காட்டுவர். ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கைய்யிம் (ரஹ்) இப்பொருளை விரிவாகவே பேசியிருக்கிறார். ஆக, ஊகம் முழுவதும் விலக்கப்பட்டதன்று. ஆனால் அதே அத்தியாயத்தில் பின்யாமீன் மிஸ்ரில் நிறுத்திவைக்கப்பட்ட செய்தியோடு பிள்ளைகள் திரும்பும்போது, தந்தை முன்பு சொன்ன அதே சொற்களையே மீண்டும் சொல்கிறார். இம்முறை அவர்கள் தாம் கண்டதைத்தான் சொன்னார்கள். முஃபஸ்ஸிர்கள் இதற்குத் தரும் விளக்கங்கள் பல. அவற்றுள் புகுவது இங்கே நோக்கமன்று. பழைய பொய், புதிய உண்மையையும் நம்பமுடியாததாக்கிவிடுகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

ஊகம் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 'ஆயிரத்தொரு இரவுகள்' தொகுப்பிலுள்ள மூன்று ஆப்பிள்களின் கதையைவிடக் கொடிய சான்று நானறிந்து இல்லை. டைக்ரிஸ் நதியில் வீசிய வலையில் பூட்டிய பெட்டியொன்று அகப்படுகிறது. உள்ளே துண்டாடப்பட்ட ஓர் இளம்பெண்ணின் உடல். மூன்று நாட்களுக்குள் கொலையாளியைக் கண்டுபிடிக்காவிட்டால் உனக்குத் தூக்கு என்று கலீஃபா ஹாரூன் தம் அமைச்சர் ஜஅஃபருக்கு ஆணையிடுகிறார். ஜஅஃபர் எதையும் துப்பறிவதில்லை. வீட்டில் அமர்ந்து சாவுக்குக் காத்திருக்கிறார். கொலையாளி தானாகவே வந்து ஒப்புக்கொள்கிறான். அவன் அப்பெண்ணின் கணவன். நோயுற்ற மனைவி ஆசைப்பட்டாள் என்பதற்காக, பஸரா வரை போய் மூன்று ஆப்பிள்களை வாங்கிவந்தவன். பிறகொரு நாள் கடைத்தெருவில் ஓர் அடிமையின் கையில் அதே ஆப்பிளைக் காண்கிறான். என் காதலி தந்தாள் என்கிறான் அடிமை. வீட்டுக்கு வந்து எண்ணினால் ஓர் ஆப்பிள் குறைகிறது. கதை அவனுக்குப் புரிந்துவிடுகிறது! மனைவியைக் கொன்று ஆற்றில் எறிந்துவிட்டுத் திரும்பும்போது, ஆப்பிளை எடுத்துப்போய் அந்த அடிமையிடம் பறிகொடுத்த மகன் அழுதுகொண்டு நிற்கிறான்.

மேலை விமர்சகர்கள் சிலர் இதைத் துப்பறியும் கதையின் முன்னோடி என்பர். எனக்கு அது வேறாகத் தோன்றுகிறது. இக்கதையில் துப்பறிந்தவன் ஒருவன்தான், அவன் கொலையாளி. அவனிடம் கரீனா இருந்தது, சாட்சியின் வாக்குமூலமும் இருந்தது, எண்ணிக்கையும் பொருந்தியது. திருப்பம் வருமுன்பே கண்டுகொண்டதாக நம்பிய வாசகன் அவன். இல்லாதிருந்தது ஒன்றே: மனைவியிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பொறுமை. அந்த அடிமை ஜஅஃபரின் சொந்த வீட்டு அடிமையே என்பது கதையின் கடைசித் திருப்பம். அது ஊகத்தால் வெளிப்படவில்லை. சாகப் போகும் தந்தை தம் கடைசி மகளைக் கட்டியணைக்கும்போது, அவள் ஆடைக்குள் உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது. வெளியே எடுத்தால் ஆப்பிள்.

இனி ஹரீரிக்குத் திரும்புவோம். ஏழாவது மகாமா ஊகிப்போருக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. பெருநாள் தொழுகையில் ஒரு குருட்டுக் கிழவரும் அவரை வழிநடத்தும் மூதாட்டியும் வருகிறார்கள். மூதாட்டி கவிதை எழுதிய துண்டுச்சீட்டுகளைத் தொழுகையாளிகளிடையே விநியோகிக்கிறாள். ஹாரிஸ் அக்கவிதையின் கைவண்ணத்தைக்கொண்டு தேடிப்போய், இவர் அபூஸைதே என்று கண்டுகொள்கிறார். பஸராவின் பழைய காஸியும் நுண்ணறிவுக்குப் பெயர்பெற்றவருமான இயாஸ் இப்னு முஆவியாவோடு தம் ஃபிராஸத்தை ஒப்பிட்டுப் பெருமையும் பட்டுக்கொள்கிறார். வீட்டுக்கு அழைத்துவந்து விருந்தளிக்கிறார். கிழவரின் கண்கள் திறக்கின்றன; குருடும் வேடமே. உண்டு முடித்ததும் கைகழுவும் பொருளும் பல்குத்தும் குச்சியும் கேட்கிறார் விருந்தாளி. எடுத்துக்கொண்டு ஹாரிஸ் திரும்பினால் அறை வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆளைச் சரியாக ஊகித்தார். அடுத்த நொடியை ஊகிக்கவில்லை. பிள்ளைகள் இந்த மகாமாவில் மிகுதியாகச் சிரிப்பார்கள். ஹாரிஸைப் பார்த்துச் சிரிக்கும் அவர்கள், இயாஸோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டவர் ஒருவர் மட்டுமல்ல என்பதை அறிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜுமுஆவுக்குப் பின் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். பெயரும் இடமும் வேண்டாம். ஸலாம் கொடுத்ததும் முன்வரிசையில் ஒரு முதியவர் எழுந்து நின்றார். மகளுக்கு அறுவைச் சிகிச்சை என்றார். தேர்ந்த தமிழ், இடையிடையே பொருத்தமான அரபிச் சொற்கள், ஏற்ற இறக்கத்தோடு கூடிய குரல். அந்த வாரம்தான் நான் ஏழாவது மகாமாவை நடத்தி முடித்திருந்தேன். அருகிலிருந்த ஜமாஅத் பொறுப்பாளர் ஒருவரிடம் குனிந்து, "ஸரூஜ்காரர் வந்துவிட்டார்" என்றேன். அவரும் மத்ரஸாவில் ஓதியவர். புன்னகை ஒன்று வரிசை வழியே நகர்ந்தது. அன்று விரித்த துண்டில் விழுந்தது மிகச் சொற்பம். நானும் பத்து ரூபாய்தான் போட்டேன். மூன்று வாரம் கழித்து, உறவினர் ஒருவரைப் பார்க்க ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, வார்டு வாசலில் பாயும் தலையணையும் சுருட்டி வைத்துக்கொண்டு அந்த முதியவர் அமர்ந்திருந்தார். என்னை அவருக்கு நினைவில்லை. தொப்பியைக் கண்டு ஸலாம் சொல்லி, மகளுக்காக துஆ செய்யச் சொன்னார். அவருடைய பேச்சு நன்றாயிருந்தது என்பதைத் தவிர, அவருக்கு எதிராக என்னிடம் அன்று ஒரு கரீனாவும் இருந்ததில்லை.

அன்றிரவு மகாமாத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பதினொன்றாவதிலிருந்து படிக்கத் தொடங்கினேன். நாற்பத்தெட்டாவதை அடைந்தபோது, இந்நூல் பிறந்த விதம் பற்றி இப்னு கல்லிகான் தரும் செய்தி நினைவுக்கு வந்தது. பஸராவின் பனூ ஹராம் பள்ளிவாசலில் ஹரீரி அமர்ந்திருந்தபோது, கிழிந்த ஆடையோடு ஒரு முதியவர் வந்து, நாவன்மையோடு தம் நிலையை எடுத்துரைத்தாராம். ரோமர்கள் தம் பிள்ளையைச் சிறைபிடித்துச் சென்றதாகச் சொன்னாராம். ஊர் ஸரூஜ் என்றாராம். அதன் பின்னரே ஹரீரி அந்த மகாமாவை எழுதினார் என்று அவருடைய மகன் வாயிலாக அறிகிறோம். ஸரூஜ் நகரம் அக்காலத்தில் சிலுவைப் போர்ப்படையினரிடம் வீழ்ந்தது வரலாறு. அங்கிருந்து வீடிழந்து வந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! நூலெங்கும் அபூஸைத் தம் ஊரை நினைத்துப் புலம்பும் கவிதைகள் வருகின்றன. வேடதாரியின் வரிகள் என்பதால் நாம் அவற்றை இலக்கணப் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

ஐம்பதாவது மகாமா பஸராவில், ஹரீரியின் சொந்த நகரில் நிகழ்கிறது. பள்ளிவாசலில் உயர்ந்த ஓரிடத்தில் அமர்ந்து அபூஸைத் பேசுகிறார். இம்முறை வேடமில்லை, முகம் வெளிப்படையாகவே இருக்கிறது, ஹாரிஸுக்கும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பஸராவையும் அதன் மக்களையும் புகழ்கிறார். தம் பாவங்களை ஒப்புக்கொள்கிறார். எனக்குப் பணம் வேண்டாம், துஆ வேண்டும் என்கிறார். மக்கள் கையேந்துகிறார்கள். அவர் முகம் மாறுகிறது. துஆ ஏற்கப்பட்டதன் அடையாளம் தெரிகிறது என்று கண்ணீரோடு சொல்கிறார். நாற்பத்தொன்பது கதைகளைப் படித்துவந்த எவரும் இங்கே செய்வதையே ஹாரிஸும் செய்கிறார். பின்தொடர்ந்து போய், தனிமையில், உண்மையைச் சொல்லும்படி கேட்கிறார். அபூஸைத் தரும் பதிலில்தான் ஹரீரியின் முழுத்திறமும் இருக்கிறது: ஏமாற்றுபவனின் மனத்தோடுதான் வந்தேன், உன் ஊர்க்காரர்களின் துஆவால் மனந்திருந்தியவனாகத் திரும்புகிறேன் என்னும் பொருள்படச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

அதாவது, வாசகனின் ஊகம் பொய்யன்று. அவர் ஏமாற்றவே வந்தார். பேச்சும் கண்ணீரும் தந்திரமாகவே தொடங்கின. கரீனாக்கள் அனைத்தும் சரி, வழக்கமும் சரி, முடிவு மட்டும் ஊகித்தபடி இல்லை. திருப்பத்தைச் செய்தவர் ஹரீரியோ அபூஸைதோ அல்லர். அவரை நம்பிக் கையேந்திய பாமர மக்கள். ஹாரிஸ் அப்போதும் நம்புவதில்லை. பயணிகள் கொண்டுவரும் செய்தியைக் கேட்டு, ஸரூஜ் வரை போகிறார். ஒட்டுப்போட்ட ஆடையில், தம் பள்ளிவாசலின் மிஹ்ராபில், தொழுகையிலும் திக்ரிலும் மூழ்கிய ஒருவரைக் காண்கிறார். கவிதை இல்லை, வாதம் இல்லை, விருந்தின் பெருமிதம் இல்லை. தம்மிடம் இருக்கும் எளிய ரொட்டியைப் பகிர்ந்து தருகிறார். பிரிவதற்கு முன் ஓரிரு வார்த்தை உபதேசம், அவ்வளவுதான். ஹாரிஸ் அழுகிறார். நூல் முடிகிறது.

இலக்கிய விமர்சகர்களில் சிலர் இந்த முடிவைச் சம்பிரதாயமானதென்று குறைகூறுவதுண்டு. ஓர் ஆலிம் தம் நாயகனை நல்லவனாக்கிக் கணக்கை முடித்துக்கொண்டார் என்பர். பத்து மகாமாக்களையும் கடைசியையும் மட்டும் படித்தால் அப்படித் தோன்றலாம். நாற்பத்தொன்பதையும் கடந்து வந்தவனுக்கு அது இயலாது. அவனுக்குள் ஒரு சந்தேகப்பேர்வழி முழுமையாக வளர்ந்துவிட்டிருப்பான். ஹரீரி அவனை அத்தனை பக்கங்களில் பொறுமையாக வளர்த்ததே, கடைசிப் பக்கத்தில் ஸரூஜின் பள்ளிவாசல் வாசலில் செய்வதறியாது நிற்கவைப்பதற்காகத்தான். சொல்விளையாட்டுக்காகவே புகழப்படும் இந்நூலில், சொல்விளையாட்டு ஓய்ந்துபோகும் அந்த ஒரே இடத்தை நம் பாடத்திட்டம் மாணவன் கண்ணில் காட்டுவதில்லை என்பது என் வருத்தம். காலம் போதாது என்பது உண்மையே. இடையிலுள்ள சிலவற்றை விட்டுவிட்டாவது கடைசியை ஓதவைக்கலாமே!

சென்ற ஆண்டு முதல் நான் அப்படித்தான் செய்கிறேன். பத்தாவது முடிந்ததும், ஐம்பதாவதை நகலெடுத்துக் கொடுத்தேன். நடுவில் எத்தனை முறை அபூஸைத் எந்தெந்த ஊரில் எப்படியெல்லாம் ஏமாற்றினார் என்று இரண்டு பாடவேளைகளில் சுருக்கமாகச் சொன்னேன். பிறகு வாசிக்கச் சொன்னேன். பஸராப் பள்ளிவாசலில் மக்கள் கையேந்தும் இடம் வந்தபோது, வழக்கம்போல் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. "இதிலும் ஏமாற்றுதானே உஸ்தாத்?" என்றான் ஒருவன். அடுத்த வரியைப் படி என்றேன்.